பச்சை போடக்கூடாது

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், தங்களுக்கென்று சூளை வைத்துக்கொள்ள வசதி இல்லாதவர்கள் சேர்ந்து நடத்துகிற பொதுச் சூளை ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே அச்சில் வார்த்துக் காயவைத்த பொம்மைகளையும் அகல்களையும் கோப்பைகளையும் அங்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். தட்டுத் தட்டாக அடுக்கிய இரும்பு வண்டியை உள்ளே தள்ளிக் கதவை அடைத்தால், வெந்து, ஆறி, மறுபடியும் திறப்பதற்குச் சில நாள்கள் பிடிக்கும். யாருடைய சரக்கு எந்த முறையில் ஏறும் என்று முடிவு செய்து அறிவிப்பவர் மதிவதனி.

நாற்பத்தேழு வயதான அவர், திருமணமான நாளிலிருந்து ஒரு கோப்பைக் கூடத்தில் காது ஒட்டிக்கொண்டிருந்தவர். வார்த்தெடுத்த கோப்பையின் ஈரம் போவதற்குள் பிடியைத் தனியாக ஒட்டிச் சேர்ப்பதற்குத்தான் காது ஒட்டுவது என்று பெயர். அவருடைய கணவர் பாலகிருஷ்ணன் பொதுச் சூளையின் பொறுப்பாளராக இருந்தார். சென்ற ஆண்டு மாசி மாதம், கம்மாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார். காரியம் முடிந்ததும் சூளைக்காரர்கள் கூடிப் பேசி, அந்த வேலையை மதிவதனிக்கே கொடுத்தார்கள். வேலையோடு கணவரின் கைப்பேசியும் அவரிடம் வந்து சேர்ந்தது.

‘சூளை முறை’ என்ற வாட்ஸ்அப் குழு அந்தக் கைப்பேசியின் எண்ணிலிருந்துதான் நடந்துவந்தது. மதிவதனி எண்ணையும் மாற்றவில்லை, அதில் இருந்த பெயரையும் மாற்றவில்லை. எனவே பாலகிருஷ்ணன் இறந்து ஓராண்டு கடந்த பிறகும், காலைதோறும் பாலகிருஷ்ணனே முறையை அறிவித்துக்கொண்டிருந்தார். முதலில் சிலருக்குத் திக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது. வெளியூர் வியாபாரிகள் சிலர் இன்னமும் “சரிங்கண்ணே” என்றே பதில் போட்டார்கள்.

மதிவதனி அழவில்லை என்று உறவினர்கள் அந்நாளிலேயே பேசிக்கொண்டார்கள். அவர் சமைத்தார், சாப்பிட்டார், வேலைக்கு வந்தார். யாராவது கேட்டதற்குப் பதில் சொன்னார். மகள் துர்கா சென்னையிலிருந்து பேசும்போது என்னம்மா பண்றே என்று கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தாரோ அதை மட்டும் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தால், துணி மடிக்கிறேன் என்பார். அதற்கு மேல் அவரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

பாலகிருஷ்ணன் குழுவை நடத்திய விதம் தனி. குழுவில் ஒருவர் தகாத வார்த்தை சொன்னால், கோபம் வந்த அந்தக் கணத்தில் அவரை நீக்கிவிடுவார். நீக்கப்பட்டவர் மாலையில் டீக்கடையில் அவரோடு நின்று ஒரு டீ குடித்தால், இரவுக்குள் மறுபடியும் உள்ளே வந்துவிடலாம். டீக்கடைக்கு வராத பெண்கள் மட்டும் வாரக்கணக்கில் வெளியே இருந்தார்கள். ஒரே வார்த்தையை இருவர் சொல்ல, ஒருவர் நீக்கப்பட்டார். இன்னொருவருக்குச் சிரிக்கிற முகம் பதிலாக வந்தது. அதை அநியாயம் என்று யாரும் சொன்னதில்லை. அண்ணனுக்கு இன்றைக்கு மூடு சரியில்லை என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

மதிவதனியிடம் கைப்பேசி வந்த பிறகு யாருமே நீக்கப்படவில்லை. வசவைப் படித்தாலும் வாழ்த்தைப் படித்தாலும் அவருக்கு ஒன்றுபோலவே இருந்தது. சில மாதங்களில் குழுவுக்குள் கடன் விளம்பரம், கட்சிச் செய்தி, காலை வணக்கம், சண்டை எல்லாம் வந்து நிறைந்தன. மின்கம்பங்களுக்கான இன்சுலேட்டர் கூடம் வைத்திருக்கும் பழமலைநாதன், வேலையை விட்டுப் போனவர்களைப் பெயர் சொல்லித் திட்டுவதற்கென்றே குழுவைப் பயன்படுத்தினார். தனிச் சூளை வைத்திருந்தவர் அவர். ஆள் தேடவும் அச்சு செய்கிற மாவு விசாரிக்கவும்தான் இந்தக் குழுவில் இருந்தார். இத்தனைக்கும் அடியில் முறை அறிவிப்பு புதைந்துபோயிற்று. இரண்டு பேருடைய சரக்கு ஏறாமல் போன பிறகு, வண்டி அடுக்குகிற விருத்தகிரி மதிவதனியின் மேசைக்கு எதிரே வந்து நின்றார்.

“அண்ணி, அண்ணன் மாதிரி தூக்குறதுன்னா தூக்குங்க. இல்லன்னா குழுவயே கலைச்சிடுங்க. ரெண்டுங்கெட்டானா வச்சிக்கிட்டு இருந்தா எனக்குத்தான் ஏச்சு வுழுது.”

மதிவதனி சற்று யோசித்தார்.

“அவரு மாதிரி எனக்குக் கோவம் வரலியே, விருத்தகிரி. எதுக்குத் தூக்குவோம், எத்தினி நாளுக்குத் தூக்குவோம்னு எழுதிப் போட்டுடலாம். கோவம் வந்தாலும் அதான், வரலன்னாலும் அதான்.”

அன்று மத்தியானம் அவர் விதிகளை எழுதினார். முதல் விதி, சூளைக்குச் சம்பந்தமில்லாததைப் போடக்கூடாது. இரண்டாவது, குழுவில் பச்சை போடக்கூடாது. மீறுபவர் யாராக இருந்தாலும், முதல் தடவை பெயர் சொல்லி எச்சரிக்கை. இரண்டாம் தடவை ஒரு வாரம் குழுவுக்கு வெளியே. மூன்றாம் தடவை அடுத்த ஆடி வரைக்கும் வெளியே. டீக்கடையில் பேசித் திரும்பச் சேருவது கிடையாது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்து அனுப்பினார்.

குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் விதி உடனே விளங்கிற்று. பச்சை பச்சையாகத் திட்டுகிறார்கள் அல்லவா, அது இனிக் கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் சூளைக்காரர்களின் பேச்சில் பச்சை என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. வார்த்துக் காய்ந்து இன்னும் சூளைக்குப் போகாத சரக்குக்குப் பச்சை என்று பெயர். வீட்டில் பொம்மை செய்கிற பெண்கள் நாள் முழுக்கச் சொல்கிற சொல் அதுதான். மதிவதனியும் காது ஒட்டிய காலமெல்லாம் அதே சொல்லைச் சொன்னவர்தான். மேசைக்கு வந்த பிறகு அவர் பச்சையைத் தொடவில்லை. சொல்லின் அந்தப் பக்கம் அவர் நினைவுக்கு வரவேயில்லை.

விதி இப்படி வேறு பொருள் கொண்டது சிறு விஷயமன்று. முறை கேட்பவர்கள் தங்கள் பச்சைச் சரக்கைப் பலகையில் பரப்பிப் படம் எடுத்துக் குழுவில் போடுவது வழக்கம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் விருத்தகிரி தட்டின் உயரத்தையும் இடத்தையும் கணக்கிடுவார். பச்சை போடக்கூடாது என்று வந்ததும், இனிப் படம் போட வேண்டாம், முன்பு நடந்ததுபோல நேரே சரக்கைக் கொண்டுவந்தால் போதும் என்று சில பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டில் கேட்டுத் தெளிந்துவிட்டாள். கருவேப்பிலங்குறிச்சி சாலையில் தனியாகக் கொலு பொம்மை செய்கிற சிவசங்கரி யாரையும் கேட்கவில்லை.

சிவசங்கரியின் கணவர் திருப்பூரில் லாரி ஓட்டுகிறார். அவளுக்கு ஆண்டின் வருமானம் புரட்டாசியில்தான். மகாளய அமாவாசைக்கு முன் சரக்கு வந்து சேர்ந்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்று புதுச்சேரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அமாவாசைக்கு முன்னால் சூளை இரண்டு தடவைதான் எரியும். முதல் முறையன்று காலை, சூட்டில் நிலைக்கிற வர்ணம் தீட்டிய தசாவதார வரிசையும் செட்டியார் பொம்மையும் வைக்கோலில் பொதிந்து, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவள் வந்து இறங்கியபோது சூளைக் கதவு அடைத்திருந்தது.

“ஏம்மா, நீ படமே போடலியே” என்றார் விருத்தகிரி.

“பச்சை போடக்கூடாதுன்னு ஒங்க குழுவுலேருந்துதான வந்துச்சி?”

விருத்தகிரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். “அது கெட்ட வார்த்தயச் சொல்லியிருக்குது, சிவசங்கரி. ஒன் பொம்மய இல்ல.”

“கெட்ட வார்த்தன்னா கெட்ட வார்த்தன்னு எழுத வேண்டியதுதான? எங்களுக்குப் பச்சைன்னா இதான்.” அவள் வைக்கோலை விலக்கி ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினாள். விருத்தகிரியின் சிரிப்பு நின்றுவிட்டது.

வண்டியை வெளியே இழுக்க முடியாது, எரிவாயு ஏற்றியாகிவிட்டது. ஆட்டோ வந்த வழியே திரும்பிற்று. செய்தி பரவியதும் பழமலைநாதன் குழுவில் ஒரு வரி போட்டார்: ‘நான் எப்பவுமே நல்லா சுட்டுத்தான் போடறேன், பச்சையா ஒண்ணும் போடல.’ பலர் சிரித்தார்கள். மதிவதனி விதியைத் திருத்தினார். ‘பச்சை’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆபாசமான வசவு’ என்று எழுதி, சுடாத சரக்கின் படத்தை வழக்கம்போல் போடலாம் என்று தெளிவாகச் சேர்த்தார். முன்பு எழுதியது தன் பிழை என்றும் ஒரு வரி இருந்தது. பிழையால் முறை தவறியவருக்கு என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அன்று மாலை சிவசங்கரி அந்தக் கேள்வியைக் குழுவில் கேட்டாள். கேட்ட முறையில் ஒரு வசவும் இருந்தது. பெயர் சொல்லி எச்சரிக்கப்பட்டாள். பழமலைநாதன் ஏற்கெனவே ஒரு முறை எச்சரிக்கப்பட்டிருந்தார். மறுநாள் அவர், வேலையை விட்ட ஒருவரின் தாயைக் குறித்து எழுதினார். சற்று நேரத்தில் ‘பாலகிருஷ்ணன் பழமலைநாதனை நீக்கினார்’ என்று திரையில் வந்தது. அவரை நீக்குகிற துணிச்சல் பாலகிருஷ்ணனுக்கே உயிரோடு இருந்த காலத்தில் வந்ததில்லை.

அதற்கு அடுத்த நாள், தன் சரக்குக்கு இந்த முறை முதலிடம் வேண்டும் என்று சிவசங்கரி எழுதினாள். படம் வந்த வரிசைப்படிதான் இடம் என்று மதிவதனி பதில் போட்டார். சிவசங்கரியின் பொறுமை அதோடு போயிற்று. செத்துப்போனவனின் பெயரை வைத்துக்கொண்டு ஊரை ஆள்கிறாள் என்று தொடங்கி, மதிவதனியை ஒரு சொல்லால் குறிப்பிட்டாள். அந்தச் சொல்லை இங்கே எழுத வேண்டியதில்லை. விதியின்படி அது இரண்டாம் தடவை.

மதிவதனி அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படித்தார். படித்தவர்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போவதையும் பார்த்தார். தன்னைத்தான் அந்தச் சொல்லால் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தது; ஆனால் அது யாரோ ஒருவருடைய கதவைத் தட்டுகிற சத்தம்போல இருந்தது. பழமலைநாதன் தொலைபேசியில் கூப்பிட்டார். வெளியே இருந்தாலும் குழுவில் நடப்பதை யாரோ அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா மதி, என்னையத் தூக்கினியே. அந்தப் பொண்ணத் தூக்குவியா, இல்ல பொம்பளைக்கு ஒண்ணு ஆம்பளைக்கு ஒண்ணா?”

“சாப்புட்டுக்கிட்டு இருக்கறேன் மொதலாளி. கை கழுவிட்டுத் தூக்கறேன்.”

கை கழுவினார். தூக்கினார்.

விருத்தகிரி சாயங்காலம் வந்தார். சூளை நாளை மறுநாள் எரிகிறது, படமும் இல்லாமல் அறிவிப்பும் போகாமல் அந்தப் பெண்ணின் பொம்மை எப்படி ஏறும் என்பதுதான் அவர் கேட்க வந்தது. பழமலைநாதன் ஒரு வாரம் வெளியே இருந்தால் அவருக்கு வாய்க்கு ஓய்வு. அவருடைய கூடத்துச் சூளை பாட்டுக்கு எரியும். சிவசங்கரிக்கு அதே ஒரு வாரம் ஓர் ஆண்டு. தண்டனை ஒன்று, ஆனால் இரண்டு பேர் தலையிலும் அது ஒரே கனமாக இறங்கவில்லை. எழுதும்போது மதிவதனி இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

விதியைத் தளர்த்தினால் பாலகிருஷ்ணனின் டீக்கடைக்கே திரும்பிவிடும். தளர்த்தாவிட்டால் பொம்மைகள் பச்சையாகவே கிடக்கும். மதிவதனி தான் எழுதியதை மறுபடியும் எடுத்துப் படித்தார். எழுத்தெண்ணிப் படித்தார் என்றே சொல்ல வேண்டும். பிறகு ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டார்.

சிவசங்கரி வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“என்னாங்க, வூட்டுக்கு வந்து திட்டறதுக்கு வந்தீங்களா?”

“நாளன்னைக்குச் சூளை. சரக்க நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள கொண்டாரணும். அதச் சொல்ல வந்தேன்.”

“என்னையத்தான் தூக்கிட்டீங்களே.”

“குழுவ வுட்டு வெளியன்னுதான் எழுதியிருக்குது. சூளைய வுட்டு வெளியன்னு எழுதல.”

சிவசங்கரி அவரை உற்றுப் பார்த்தாள். அது பரிவா, பரிகாசமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மதிவதனியின் முகத்தில் இரண்டுமே இல்லை. கூடத்தில் பரப்பியிருந்த பொம்மைகளை, வாசற்படியில் நின்றபடியே தன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுத்து விருத்தகிரிக்கு அனுப்பினார். வரிசையில் கடைசியில்தான் இடம் என்பதையும், ஓரத் தட்டு என்பதால் உயரமான பொம்மைகளைப் படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார்.

அங்கிருந்து நேரே பழமலைநாதனின் கூடத்துக்குப் போனார். அலுவலக அறையில் நாற்காலி காட்டியும் உட்காராமல், அன்றைய அறிவிப்பை அவருக்கும் வாசித்தார். பழமலைநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“எனக்கு எதுக்கும்மா இது? எனக்குத் தனியா சூளை இருக்குதே.”

“வெளிய இருக்கறவங்களுக்கு நேர்ல சொல்றதுன்னு ஆயிடுச்சி. ஒருத்தருக்குச் சொல்லிட்டு ஒருத்தருக்கு வுட முடியாது.”

“அப்ப தெனமும் வருவியா?”

“வாரம் முடியறவரைக்கும்.”

“அடுத்த வாரமும் திட்டினா அடுத்த ஆடிவரைக்கும் வருவியா?” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வரணும். அதனால திட்டாதீங்க. வெயில்ல வர்றது கஷ்டமா இருக்குது.”

இதை அவர் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஆனால் பழமலைநாதன் பிறகு பல பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்தார்.

குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. வெளியே அனுப்பியவருக்கு வீடு தேடிப் போய்ச் சொன்னால் அதற்குப் பெயர் தண்டனையா என்று ஒருவர் கேட்டார். மதிவதனி நீளமாகவே பதில் எழுதினார். வசவு குழுவில் நடந்தது, ஆகவே குழுவில் பேசுகிற உரிமை ஒரு வாரம் போகிறது; சூளையில் யாரும் எதையும் உடைக்கவில்லை, ஆகவே சூளையில் இடம் போகாது; இது இனி எல்லாருக்கும் பொருந்தும். எழுதியதை விதிகளின் கீழே புதிய வரியாகச் சேர்த்தார். கேட்டவர் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

அந்த ஒரு வாரமும் மதிவதனி ஸ்கூட்டியில் இரண்டு வாசல்களுக்குப் போனார். மழை பிடித்த நாளில் நனைந்துகொண்டு போனார். சிவசங்கரி கேட்டுக்கொண்டு தலையசைப்பாள். சில நாள் தலையும் அசைக்கமாட்டாள். மதிவதனி சொல்லி முடித்ததும் திரும்பிவிடுவார். என்னம்மா பண்றே என்று துர்கா கேட்டபோது, ரெண்டு பேருக்கு நியூஸ் வாசிக்கறேன் என்றார். மகள் சிரித்தாள். தான் சொன்னதற்கு யாரோ சிரித்தது மதிவதனிக்குச் சற்று வியப்பாக இருந்தது.

சூளை திறந்த அன்று சிவசங்கரி விடியும்போதே வந்துவிட்டாள். அமாவாசைக்கு முந்தின நாள் அது. விருத்தகிரி வண்டியை வெளியே இழுத்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. ஆறும்வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை; புதுச்சேரிக்கு மத்தியானத்துக்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் ஓரத் தட்டிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, விரலால் தட்டி ஓசையைக் கேட்டு இறக்கினாள். மதிவதனியும் மேசையிலிருந்து எழுந்து வந்து பிடித்தார்.

“அண்ணி, துணி இல்லாம புடிக்கறீங்களே. கை செவந்துபோச்சி பாருங்க” என்றார் விருத்தகிரி. மதிவதனி உள்ளங்கையைப் பார்த்தார். சிவந்துதான் இருந்தது. ஒரு துணியை வாங்கிச் சுற்றிக்கொண்டு அடுத்த பொம்மையை எடுத்தார்.

படுக்கவைத்திருந்த பொம்மைகளில் மூன்றுக்கு முதுகில் விரிசல் ஓடியிருந்தது. பத்து அவதாரங்களில் கூர்மம் மட்டும் தட்டியபோது மந்தமாக ஒலித்தது. மற்றவை மணிபோல இருந்தன. சிவசங்கரி கூர்மத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் சென்ற ஆண்டுக் கூர்மம் ஒன்று மிச்சம் இருப்பதாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வைக்கோலில் பொதிந்து எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றியாயிற்று. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பியும் அவள் ஏறவில்லை. மதிவதனியின் பக்கம் வந்தாள்.

“அக்கா, நான் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன். மொதல்ல பச்சைன்னு எழுதினது நீங்க.”

“கேக்கணும்னு எழுதல.”

“எழுதியிருந்தா?”

“எழுதியிருந்தா ஒன்கிட்டயும் கேட்டிருப்பேன், பழமலநாதங்கிட்டயும் கேட்டிருப்பேன். எனக்கும் எழுதியிருக்கணும். நான் எழுதினது தப்புன்னு குழுவுல போட்டேன், ஒன்கிட்ட நேர்ல சொல்லல.” மதிவதனி கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். “தப்புதான் சிவசங்கரி.”

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“நாளைக்கு வாரம் முடியுது. குழுவுல சேத்துடுவேன்” என்றார் மதிவதனி.

“சேத்துடுங்க” என்றாள் சிவசங்கரி. ஓட்டுநரின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பின்னால் கிடந்த வைக்கோல் மூட்டைகளை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ தொழிற்பேட்டை வாசலைத் தாண்டிக் கடலூர்ச் சாலைப் பக்கம் திரும்பிற்று. விருத்தகிரி தட்டுகளைத் தட்டித் துடைத்து, அடுத்த முறைக்கு வண்டியை அடுக்கத் தொடங்கினார்.